தமிழ்ப் பட்டன்

கொடகவெல டவுனில், ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில், இரண்டு மேசையும் ஒரு மின்விசிறியும் இருக்கின்றன. அதைக் கம்பனி என்று சொன்னால் கீழே சீமெந்து மூட்டை ஏற்றுகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், கம்பனிதான். சுற்று வட்டாரத்துப் பாமசிகளில் மருந்துக் கவருக்கு லேபல் அச்சடிக்கிறதே, அந்த மென்பொருளை இங்கேதான் எழுதுகிறார்கள். எழுதுகிறவள் சுதர்சினி. முதலாளி பஸ்லானின் வேலை அதைக் கொண்டுபோய்க் கடை கடையாக விற்பது.

சுதர்சினிக்கு முப்பத்து மூன்று வயது. றக்வானைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், கொழுந்து எடுக்கிற அம்மா புஷ்பவதியோடு இருக்கிறாள். விடிவதற்கு முன் பஸ் ஏறினால், வளைவுக்கு வளைவு குடல் வாய்க்கு வந்துதான் போகும். நின்றுகொண்டே தூங்க அவள் பழகிவிட்டாள். நாள் முழுக்கத் திரையைப் பார்த்துவிட்டு, மாலையில் அதே வளைவுகளில் திரும்ப ஏறவேண்டும்.

லேபல் முதலில் சிங்களத்தில் மட்டும்தான் வந்தது. தமிழிலும் வரவேண்டும் என்று பஸ்லானோடு மல்லுக்கட்டி, சனி ஞாயிறு பாராமல் உட்கார்ந்து, திரையின் மூலையில் ஒரு பட்டன் வைத்தவள் அவள். அதை அழுத்தினால் லேபல் தமிழில் வரும். பஸ்லான் வீட்டில் பேசுவது தமிழ், படித்தது சிங்கள மீடியம். பேச்சில் யாரையும் விழுங்கிவிடுவார், ஆனால் தமிழ் எழுத்து ஒன்றுகூட வாசிக்க வராது. ஆகவே அந்தப் பட்டன் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கக் கம்பனியில் இருந்தது ஒரு சோடிக் கண்தான்.

முதல் தமிழ்க் கவர் கைக்கு வந்த அன்று புஷ்பவதி அதைக் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பிரட்டுக் களம் வரைக்கும் கொண்டுபோனார். "எம் மக எழுதுனது" என்று ஒவ்வொருத்தியிடமும் நீட்டி, தானே வாசித்தும் காட்டினார். கங்காணி அதட்டிய பிறகுதான் மடியில் வைத்தார்.

அப்படியே ஓடியிருந்தால் என்ன? ஓட விடமாட்டார்களே. நிரல் எழுதுகிற கருவியின் பழைய பதிப்பு புதிய கம்பியூட்டரில் ஏறாது என்றாகிவிட்டது. புதிய பதிப்புக்கு மாறியாக வேண்டும். மாறினால் பழைய அமைப்புகள் எல்லாம் தானாக வந்துவிடும் என்று திரையில் ஒரு பச்சை அடையாளம் காட்டியது. அதை நம்பினாள், பாவி.

மேக்ரோ என்று ஒன்று உண்டு. பெரிய விசயமில்லை. எந்த மொழி எழுத்து எந்தக் கோப்புறையில் இருக்கிறது, முடிந்த மென்பொருளை எங்கே வைப்பது என்று ஒவ்வொரு இடத்திலும் முழு விலாசத்தை எழுதாமல், சுருக்கமாக ஒரு பெயர் வைத்துக்கொள்வது. பெயரைச் சொன்னால் கருவி விலாசத்தைப் போட்டுக்கொள்ளும். மாறியபோது பெயர்கள் மட்டும் வந்தன, விலாசங்கள் வரவில்லை. எல்லாம் காலி. ஓட்டிப் பார்த்தால் திரை நிறையச் சிவப்புப் பிழைகள்.

பஸ்லான் பின்னால் வந்து நின்று பெருமூச்சு விட்டார்.

"தங்கச்சி, இதுக்குள்ள அந்தத் தமிழ்ப் பட்டன் வேறயா? எங்கட ஆக்களுக்கு எல்லாம் சிங்களம் தெரியும் தானே."

"பேசத் தெரியும் சேர். வாசிக்கத் தெரியாதே."

"சரி, இந்த முற போடுங்க. இன்னொருக்கா ஒடஞ்சா கழட்டிருவோம். எனக்கு ஏலா இதோட மாரடிக்க."

பிழை காட்டிய இடத்தையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடி விலாசத்தைக் கொடுத்தாள். ஒரு வாரம் போனது. பஸ்ஸில் கண்ணை மூடினாலும் சிவப்பு எழுத்துத்தான் ஓடியது. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பிழையே இல்லாமல் முடிந்தது. பட்டனை அழுத்தி லேபல் எடுத்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு, காலை ஒன்று, இரவு ஒன்று. எண்கள் சரி, வரிகள் நேராக விழுந்திருக்கின்றன. சரி போட்டு அனுப்பிவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். பஸ்லானும் பாமசிகளில் ஏற்றிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலையில் அவள் வீட்டுக்கு வந்தபோது புஷ்பவதி பாயில் படுத்திருந்தார். வேலைச் சேலைகூட மாற்றவில்லை. கொழுந்து மலையில் தலை சுற்றி, தேயிலை நிரைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாராம். இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டுப் போயிருக்கிறார்கள்.

அம்மா போன வாரம் பாமசியில் வாங்கிய மருந்துக் கவர்களை சுதர்சினி எடுத்துக் கொட்டினாள். இரண்டிலும் ஒரே மாதிரி வெள்ளை மாத்திரை. இரவு போடவேண்டியதில்தான் நிறையக் குறைந்திருந்தது.

"என்னாம்மா இது? ராத்திரி மாத்திரைய காலையில போட்டுட்டா மலைக்குப் போனீங்க? போட்டா தலை சுத்தும்னு டொக்டர் சொன்னாரு தானே?"

"எது ராத்திரி மாத்திரனு எனக்கு என்னா தெரியும்?"

"கவர்ல தெளிவா எழுதியிருக்கே! வாசிச்சுப் பாக்க மாட்டீங்களா? எத்தன தடவ சொல்றது?"

"வாசிக்கிற மாதிரி எங்க எழுதியிருக்கு புள்ள? சிங்களத்துல தானே இருக்கு."

சுதர்சினி கவரைத் திருப்பிப் பார்த்தாள். சிங்களம்தான். ஒரு நிமிடத்துக்கு முன் அவளே அதை வாசித்தாள், எந்த எழுத்து என்று கவனிக்காமலே விசயத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். அந்த வெள்ளிக்கிழமையும் இதேதான் நடந்திருக்கிறது. பஸ் போர்டு, பாங்க் சீட்டு, கரண்ட் பில் என்று விடிந்தால் பொழுதுபட்டால் சிங்களத்தில் வாசிக்கிற கண், தமிழ் லேபலைப் பார்க்கப் போய்ச் சிங்கள லேபலைப் பார்த்துவிட்டுச் சரி போட்டுவிட்டது. மற்ற மேக்ரோக்கள் காலியானபோது கருவி கத்தியது. தமிழ்க் கோப்புறைக்கு விலாசம் காலியானபோது அது கத்தவில்லை, சத்தமில்லாமல் பக்கத்தில் இருந்த சிங்களத்தை எடுத்துக்கொண்டது. வெட்கம் வெட்கமாக வந்தது.

"ஏம்மா, தமிழ்ல வரலன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"என்னாத்த சொல்றது? கொஞ்ச நாள் குடுத்தாங்க, அப்புறம் நிப்பாட்டிட்டாங்க. நமக்கு நிப்பாட்டுறது என்னா புதுசா?" என்று புஷ்பவதி மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

முற்றத்துக்குப் போய் நின்று பஸ்லானுக்குப் போன் எடுத்தாள். புதிய பதிப்பின் கோளாறு என்று சொல்லிவிட்டால் பாதிப் பழி போய்விடும். சொன்னால் பொய்யும் இல்லை. ஆனால் அம்மா கிடக்கிற கிடையைப் பார்த்த பிறகு அந்த வார்த்தை வரவில்லை.

"சேர், தமிழ்ப் பட்டன் சிங்களத்துலதான் அடிக்குது. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் சரின்னு போட்டேன். முதல்ல எல்லாப் பாமசிக்கும் போன் பண்ணி, தமிழ் ஆக்களுக்கு வாயால சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க."

"அத இப்பவே சொல்றேன்." பிறகு, "ஒரு பாமசியில இருந்தும் ஒத்தரும் ஒண்டும் சொல்லல்லியே" என்றார். "கோவிக்க வாணாம் தங்கச்சி. எனக்குத் தமிழ் வாசிக்க வாரல்ல. உங்களுக்கு வாசிக்கத் தெரிஞ்சும் வித்தியாசம் வெளங்கல்ல. அப்ப இத யாரு பாக்கிற? கழட்டிருவோம்."

அவர் சொன்னதில் என்ன தப்பு? ஒன்றுமில்லை. அதுதான் அவளைச் சுட்டது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"எங்கம்மா பாப்பாங்க சேர்."

"எனத்த?"

"நானும் பாக்கல, நீங்களும் பாக்க வேணாம். ஒவ்வொரு முறையும் லேபல் எடுத்து எங்கம்மாகிட்ட குடுக்குறேன். அவங்க வாசிச்சாத்தான் பாமசிக்குப் போகணும். இன்னைக்கு அவங்க தலை சுத்தி மலையிலேயே உக்காந்துட்டாங்க சேர்."

"யா அல்லாஹ்" என்றார் பஸ்லான் மெதுவாக. "உம்மாவ நல்லா பாத்துக்கோங்க. நாளைக்கே செஞ்சி முடிங்க."

மறுநாள் திருத்துவதற்குத் தேநீர் ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. ஒரே ஒரு விலாசம். அதோடு, தமிழ்க் கோப்புறை காலியாக இருந்தால் கருவி மேலே போகாமல் நின்று கத்தவேண்டும் என்று ஒரு வரியும் சேர்த்தாள். அம்மாவின் மருந்துக்கே ஒரு லேபல் எடுத்தாள். பாமசிக்காரர்கள் செய்வதுபோலவே பெயரைச் சிங்களத்தில் அடித்து, பட்டனை அழுத்தினாள். வந்ததை ஒன்றுக்கு மூன்று முறை பார்த்தாள். தமிழ் மாதிரித்தான் தெரிந்தது. இருந்தாலும் தன் கண்ணை நம்ப அவளுக்குத் தைரியம் இல்லை.

வீட்டில் புஷ்பவதி எழுந்து உட்கார்ந்திருந்தார். லேபலை வாங்கி வாசல் வெளிச்சத்தில் தூரப் பிடித்து, விரலை வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"இ... ர... வு. இரவு ஒன்று. சாப்பாட்டுக்குப் பின்." மகளை நிமிர்ந்து பார்த்தார். "சரியா?"

"சரிம்மா."

விரல் மேலே ஏறி முதல் வரியில் நின்றது. "இது என்னா, திரும்ப சிங்களமா?"

"அது ஒங்க பேருங்கம்மா. பாமசிக்காரர் சிங்களத்துலதான் அடிப்பாரு. அத எப்பிடி மாத்துறதுன்னு இன்னும் எனக்குத் தெரியல."

புஷ்பவதி லேபலை மடித்துக் கவருக்குள் வைத்தார்.

"அது கெடக்கட்டும் புள்ள. எம் பேரு எனக்குத் தெரியும் தானே."