அழகம்மா பாய்க்கு மேலே தொங்கிய தகரம்

ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வீரய்யாவுக்குக் கூரைத் தகரம் பார்க்கும் வேலை. இதெல்லாம் ஒரு வேலையா என்று சிரிக்காதீர்கள். தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் போட்ட புதுத் தகரத்தில் மெல்லிசாகத் துத்தநாகப் பூச்சு இருக்கும். அது போனால் துருவேறி ஓட்டைதான். பூச்சு எவ்வளவு சீக்கிரம் கெடுகிறதென்று துரைக்குத் தெரிய வேண்டும். அதனால் ஒவ்வொருவர் பாய்க்கு மேலும் ஒரு தகரத் துண்டைத் தொங்கவிட்டு, மாதாமாதம் கழற்றி, பேக்டரித் தராசில் நிறுத்துவிட்டு, புதுத் துண்டு மாட்டுவான். மூச்சின் ஈரம் பட்டுப் பட்டுத் துண்டில் வெள்ளை பூக்கும், எடையும் கொஞ்சம் ஏறும்.

அந்த மாதம் லயத்தில் தான் குடியிருந்த காம்பராவிலும் கழற்றினான். அவன் துண்டு வெளுத்திருந்தது. பக்கத்துப் பாயில் படுக்கும் பெண்டாட்டி அழகம்மாவின் துண்டோ பளபளவென்று, இம்மிகூட எடை ஏறாமல் இருந்தது. சனியன் பிடித்த தகரம் என்று திட்டி, இரண்டுக்கும் பதில் வேறு தகரத்தில் வெட்டிய துண்டுகளைத் தொங்கவிட்டான். அடுத்த மாதமும் அவள் பக்கத்தில் இருந்ததுதான் மின்னியது. அதை யார் கண்ணிலும் படாமல் மடியில் செருகிக்கொண்டான்.

ஒளிக்காமல் பின்னே? போன மழைக்குக் காய்ச்சலில் செத்தவள் அவள். குளிப்பாட்டி, நெற்றியில் காசு வைத்து, தப்படிக்க ஆளும் வந்தபிறகு எழுந்து உட்கார்ந்தாள். பாடை கட்டியவளை வைத்திருந்தால் லயத்துக்கே ஆகாதென்று சனம் அன்றே முணுமுணுத்தது. கொழுந்தெடுக்கிறாள், சிரித்துப் பேசுகிறாள் என்றுதான் வாயை மூடியது. அடுத்த நிறுவைக்கு பேக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கரும் வந்து பார்ப்பதாக இருந்தார். விஷயம் வெளியே வந்தால் அவளைத் துரத்திவிடுவார்கள். அவள் இல்லாமல் அந்தப் பாவி எப்படி இருப்பான்?

பனி இறங்கிய ஒரு மத்தியானம் துண்டோடு அவள் முன்னால் உட்கார்ந்தான். அவளே அரிசி புடைத்தபடி சொன்னாள்.

"எனக்குத் தெரியுங்க. கண்ணாடியில ஊதிப் பாத்தேன், ஒன்னும் படியல. யாருகிட்டயும் சொல்லிப்புடாதீங்க. நான் இங்கதான் இருக்கணும்."

அவன் சொல்லவில்லை. அன்றிலிருந்து காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் அவள் துண்டில் வாய்வைத்து, நெஞ்சு அடைக்கும்வரை ஊதினான். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

மாதம் முடிந்தது. டீமேக்கர் வருமுன் நிறுத்துப் பார்த்தான். அவள் துண்டு வெளுத்துக் கனத்திருந்தது. அப்பாடா என்று தன் துண்டை எடுத்தான். அது புதுத் தகரமாக மின்னியது. அதன்மேல் ஊதினான். திரும்பவும் ஊதினான். அழகம்மாவுக்குப் போலவே அவனுக்கும் ஈரமே படியவில்லை.

வீரய்யாவுக்குப் பயம் வரவில்லை. துரத்தினால் இரண்டு பேரையும் சேர்த்துத்தானே துரத்துவார்கள் என்று மனசு ஆறிப்போனது.