கதவு நிலைக்கு மேலே ஓர் ஆணி

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வைத்துக்கொண்டு, தெய்வம்மா தன் மணி பிளான்ட்டை இலை இலையாகப் பார்த்துக்கொண்டு போகிறாள். முழுப் பச்சையாக ஒரு துளிர் கண்ணில் பட்டால் போதும், டக்கென்று கிள்ளி முதுகுப் பக்கம் எறிகிறாள். முதுகில் இப்போது கூடை இல்லை. இலை தரையில்தான் விழுகிறது. கை மட்டும் அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

தேயிலை விலை பாதாளத்துக்குப் போனதும், ஜெகதளாவுக்கு மேலே இருக்கும் அந்த எஸ்டேட்டில் பாக்டரியைப் பூட்டினார்கள். வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுத் தொழிலாளர்கள் ஒவ்வொருவராகத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு இறங்கினார்கள். காலியான வீட்டிலெல்லாம் எஸ்டேட் பூட்டு தொங்குகிறது. அப்படிப் பூட்டிய வீட்டைத் திறந்து யாரையும் திரும்ப உள்ளே விட்டதில்லை. தெய்வம்மாவையும் மகள் திருப்பூருக்குக் கூப்பிடாத வாரமில்லை. இவள் அசைவதாயில்லை. "ஊட்ட உட்டுட்டுப் போனா, நாளைக்குத் தோட்டந் தொறக்கறப்ப நம்மள ஆருன்னு கேப்பானுங்க."

செடி வந்த கதையைக் கூச்சமில்லாமல் சொல்வாள். "கேட்டு வாங்குனா மணி பிளான்ட் புடிக்காதுங்க. எஸ்டேட் பங்களா வராந்தாவுல ஒடிச்சு மடியில கட்டிட்டு வந்தேன்." பச்சை இலையில் சுண்ணாம்பை உதறிய மாதிரி வெள்ளை. குளிருக்குப் பயந்து அடுப்பை ஒட்டிய சுவரோரம் பெயின்ட் டின்னில் வைத்தாள். வெளிச்சம் வேண்டுமென்று ஜன்னல் பலகையைப் பிடுங்கி பாலிதீன் தாளைக் கட்டினாள். அடுப்புக் கரி இலையில் படியும். அரிசி கழுவிய தண்ணீரில் துணியை நனைத்து, பிள்ளைக்கு முகம் துடைப்பதுபோல் துடைப்பாள்.

வைத்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. காலமெல்லாம் கொழுந்து பறித்த கை சும்மா இருக்குமா? நுனித் துளிர் சுருள் விரியும் முன்னே கிள்ளிவிடும். கொடி ஜன்னலடியிலேயே முட்டிக்கொண்டு நின்றது. ஏறமாட்டேன் என்கிறதே என்று செடியைத் திட்டித் தீர்த்தாள். பக்கத்து வீட்டு மெட்டில்டா விழுந்து விழுந்து சிரித்தாள். "செடி ஏறும்டி. உன்ற கை உட்டாத்தான!" அன்றுமுதல் விரல் நுனிப் பக்கம் போனால், இடது கையால் வலது கைக்கு ஓர் அடி கொடுத்துக்கொள்வாள். இன்றைக்கும் அந்த அடி உண்டு.

"பச்சைதான் கொழுகொழுன்னு வருது. அதையப் போயி கிள்றயே?" என்று அதே மெட்டில்டா கேட்டதற்கு, "அதுனாலதான் கிள்றேன். உட்டா வெள்ளைய அமுக்கிப்போடும். வலுத்தவன் வெச்சதுதான் சட்டம்ங்கறது இந்த ஊட்டுக்குள்ள நடக்காது" என்றாள்.

லைன் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது எஸ்டேட் சட்டம். கொடியைத் தூக்கிக் கட்ட, தெய்வம்மா தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியின் முதுகால் அடிப்பாள். அதுவும் கொடி இருக்கும் இடத்தில் இல்லை, இனிமேல் வந்து சேரவேண்டிய இடத்தில்.

போன மாதம் மெட்டில்டாவும் போய்விட்டாள். லைனில் மிச்சம் இந்த ஒரு வீடுதான். நேற்று சூப்பர்வைசர் ஆறுச்சாமி கையில் பூட்டோடு வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க தெய்வம்மாக்கா, ஒத்தையில எதுக்குங்க இந்தக் குளுருல? ஒரு செடிதானுங்களே, புடுங்கிட்டு நடங்க."

"அது செவுத்தப் புடிச்சுப் பல வருசமாச்சு தம்பி. புடுங்குனா செவுரும் சேந்து வரும். பரவால்லீங்களா?"

"ஆணி அடிக்கக் கூடாதுன்னு தெரியுமுங்களா, தெரியாதுங்களா?"

"நல்லாத் தெரியுமுங்க" என்றபடி முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். கொடி சுவரை முடித்துக் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. "வந்ததுதான் வந்தீங்க, இந்த நுனியச் சித்தெ புடிங்க. கிள்ளிப்போடாதீங்க!"

ஆறுச்சாமி பூட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் கொடியைத் தாங்கினார். தெய்வம்மா கதவு நிலைக்கு மேலே, நுனிக்கு ஒரு முழம் தள்ளி, ஆணியை வைத்து ஓங்கி அடித்தாள்.