பைக் கிரீக்கில் யாரும் ஏறவில்லை

"ஸ்க்ரீனைப் பாக்காதே. ஞாபகத்துல இருந்து சொல்லு. நேத்து காலைல அங்க எத்தன பேரு நின்னாங்க?"

தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஓரெஸ்ட் ஹ்னாட்டியுக் கேட்கிறார். மறுமுனையில் இருப்பவர் ஒருநாள் பேருந்து ஓட்டுநர், ஒருநாள் பெட்ரோல் பங்க்கை ஒட்டிய கடையில் முட்டை பொரிக்கும் பெண், இன்னொரு நாள் நெடுஞ்சாலையைப் பார்த்த வீட்டில் குடியிருக்கும் யாரோ. காலை எட்டு மணிக்குள் இப்படி ஒரு நிறுத்தத்தைப் பற்றியாவது கேட்டுவிட வேண்டும் அவருக்கு. கிடைத்த எண்ணைக் கிழித்த காலண்டர் தாளின் பின்புறம் எழுதி, திரையில் இருக்கும் எண்ணோடு வைத்துப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போனாலும் முகம் மலராது. "சரி, இன்னைக்கு ஒண்ணு" என்பார். எங்களுக்கு இருநூற்றுப் பதினான்கு நிறுத்தங்கள்.

வின்னிபெக்கில், எங்கள் பேருந்து நிறுவனத்தின் மூன்றாவது மாடியில், அவருக்கு எதிர் மேசை என்னுடையது. நான் ஓட்டுநர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவன். அவர் எண்களைப் படிப்பவர். ஓட்டுநரின் கைக்கருவி ஒவ்வொரு பயணச்சீட்டையும் படிக்கிறது. படித்தது மேகத்துக்கு, அதாவது எங்கோ தொலைவில் இருக்கும் கணினிகளுக்குப் போகிறது. அங்கே சலித்து, அடுக்கி, மறுநாள் காலையில் ஒரே ஒரு பக்கமாகத் திரையில் வந்து நிற்கிறது. நாங்கள் அதைப் பலகை என்போம். எந்த வழித்தடம் நிரம்புகிறது, எந்த நிறுத்தம் காலியாகக் கிடக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். நன்றாக ஓடுவது நீலம், ஓடாதது ஆரஞ்சு. எல்லா ஊரிலும் பச்சை, சிவப்பு என்றுதான் வைப்பார்கள். ஆனால் முன்பு இருந்த நிர்வாகிக்கு அந்த இரண்டு நிறமும் ஒன்றாகத் தெரியும் என்பதை ஓரெஸ்ட் ஒருவர்தான் கவனித்தார். யாரிடமும் சொல்லாமல் ஒரே நாளில் மாற்றிவிட்டார்.

வயது ஐம்பத்தேழு. டாஃபின் பக்கத்துக் கோதுமைக்காரர் வீட்டுப் பிள்ளை. நாற்காலியின் முதுகில் எப்போதும் இரண்டு ஸ்வெட்டர்கள் தொங்கும். மதியத்துக்கு உருளைக்கிழங்கு அடைத்த பெரோகிக் கொழுக்கட்டை ஆறு கொண்டுவந்து, சூடுபடுத்தாமல், நின்றுகொண்டே சாப்பிடுவார். மேகம் என்ற சொல்லை விற்பனையாளர்கள் பக்தியோடு உச்சரித்தால் அவருக்குச் சிரிப்பு வரும். "மேகமாவது மண்ணாவது. க்யூபெக்ல எவனோ ஒருத்தன் கட்டி வெச்சிருக்கிற கிடங்கு. நம்ம பெட்டியும் அங்க ஒரு மூலைல கெடக்கு." இருந்தாலும் யாராவது ஏதாவது கேட்டால், மேல்கூரையைப் பார்த்துக் கையை நீட்டி, "மேல கேட்டுச் சொல்றேன்" என்பார். அலுவலகத்தில் பாதிப் பேர் முடிவை எடுத்துவிட்டுத்தான் அவரிடம் எண் கேட்டு வருவார்கள். கல்யாணம் முடிந்த பிறகு ஜாதகம் பார்க்க வருகிற கூட்டம் அது. அவர் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுப்பார். எண் அவர்களுக்குச் சாதகமாக இல்லாவிட்டால் மட்டும் இரண்டு பிரதி கொடுப்பார்.

போன குளிர்காலம் வரை அவர் யாருக்கும் தொலைபேசியில் பேசி நான் பார்த்ததில்லை. தன் பலகை மேல் அவ்வளவு நம்பிக்கை. எங்களுக்கும்தான்.

பைக் கிரீக் என்பது வடக்கே தாம்ப்சன் போகிற வழியில் ஒரு கூட்டுரோடு. நெடுஞ்சாலையை விட்டு விலகி உள்ளே போய்த் திரும்ப, வண்டிக்குப் பதினோரு நிமிடம் கூடுதலாகும். நான்கு வருடமாகப் பலகையில் அந்த இடத்துக்கு நேரே சுழியம்தான். ஆரஞ்சிலேயே அடர்த்தியான ஆரஞ்சு. அதற்கு அடுத்த நிறுத்தமான குவாரி ரோடோ நல்ல நீலம். ஆகவே குவாரி ரோட்டில் கண்ணாடிச் சுவர் வைத்து, உள்ளே சூடேற்றும் கருவியும் வைத்து, ஒரு காத்திருப்பு அறை கட்டினோம். நவம்பர் முதல் தேதியிலிருந்து பைக் கிரீக்கை எடுத்துவிட்டோம். எந்தக் கூட்டத்திலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறக்க என்ன இருக்கிறது, யாருமே ஏறாத இடம்.

ஓட்டுநர் கெல்வின் ப்ரூயர் மட்டும் அதற்குப் பிறகும் அங்கே வண்டியை நிறுத்தினான். நிறுத்தியது பதிவில் தெரிந்தது. அவனுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. அதில் இருந்தது என் கையெழுத்து. எத்தனையோ கடிதங்களில் போடுகிற மாதிரிதான் அதிலும் போட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஜனவரியில் ஒருநாள் கெல்வின் மூன்றாவது மாடிக்கே ஏறி வந்தான். பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைக்கூடத் தட்டவில்லை.

"யாருமே ஏறலையாம்ல? எவன்யா சொன்னது? நாலு வருஷமா வாரத்துக்கு மூணு நாள் ஐடா ஃப்ளெட் அம்மாவை நான்தான் கைபிடிச்சு ஏத்தி விட்டிருக்கேன். திங்கள், புதன், வெள்ளி. ரத்தம் சுத்தம் பண்ணப் போற மனுஷி. நீ எனக்குக் கடுதாசி குடுக்கிற!"

ஐடாவுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரம் மூன்று முறை தாம்ப்சன் மருத்துவமனைக்குப் போய் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருந்தால்தான் உயிர். கடிதம் கிடைத்து, கெல்வின் நிறுத்தாமல் போக ஆரம்பித்த பிறகு இரண்டு வாரம் லாரிக்காரர்களைக் கைகாட்டிப் போயிருக்கிறார். ஒருநாள், மைனஸ் முப்பத்தெட்டில், இரண்டு மணி நேரம் நின்றும் எதுவும் வரவில்லை. இரண்டு முறை சிகிச்சை தவறியது. பக்கத்து வீட்டுக்காரர் அவரைப் பனிவண்டியில் படுக்க வைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதிலிருந்து ஐடா தாம்ப்சனில் அக்கா மகள் வீட்டு அறை ஒன்றில் இருக்கிறார். ஓடைக்கரையில் இருக்கும் அவருடைய சொந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. "எப்பப்பா பஸ்ஸு திரும்ப வரும்னு பாக்குற ஆளையெல்லாம் கேக்குது. வந்தா அன்னைக்கே வீட்டுக்குப் போயிருமாம்" என்றான் கெல்வின்.

ஓரெஸ்ட் எழுந்து நின்றே இவ்வளவையும் கேட்டார். மூன்று நாள் அந்தப் பெரோகி டப்பாவைத் திறக்கவே இல்லை.

மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டுத் திரையில் ஒரே ஒரு வரியைக் காட்டினார். அவரே எழுதியது. பலகை தொடங்கிய முதல் வருடத்தில் எழுதியது. கைக்கருவி இரண்டு விவரங்களை அனுப்பும். சீட்டைப் படித்த நேரமும் இடமும் ஒன்று. அந்தத் தகவல் மேலே போய்ச் சேர்ந்த நேரமும் அப்போது வண்டி இருந்த இடமும் இன்னொன்று. கடுங்குளிரில் கருவியின் பேட்டரி செத்துப் பிழைக்கும்போது அதன் கடிகாரம் 1970-க்குப் போய்விடும். கைக்கருவி பிறப்பதற்கு முன்பே ஏறிய பயணிகள் எல்லாம் பலகையில் வந்தார்கள். அதனால், போய்ச் சேர்ந்த நேரத்தையும் இடத்தையும் மட்டும் எடுத்துக்கொள் என்று ஒரு வரி எழுதி வைத்தார். புத்திசாலித்தனமான வரி. எல்லோரும் பாராட்டினோம். ஆனால் பைக் கிரீக்கைச் சுற்றி நாற்பது கிலோமீட்டருக்கு சிக்னல் கிடையாது. அங்கே படித்த சீட்டைக் கருவி மடியிலேயே வைத்துக்கொண்டு, குவாரி ரோட்டு செல்போன் கோபுரத்தடிக்கு வந்த பிறகுதான் மேலே அனுப்பும். பைக் கிரீக்கில் ஏறியவர்கள் எல்லாம் குவாரி ரோட்டில் ஏறியதாக ஆனார்கள். அந்தக் கண்ணாடி அறைக்குள் இன்றுவரை அண்டங்காக்கைதான் குளிர் காய்கிறது.

"கருவி தப்பு பண்ணலை. சிக்னலும் தப்பு பண்ணலை. நான் பண்ணினேன்" என்றார்.

மேகத்தில் எதையும் தூக்கிப் போடுவதில்லை. பரணில் கிடக்கும் பழைய சாமான் மாதிரி கருவி அனுப்பிய அசல் விவரம் முழுவதும் அங்கே இருந்தது. அதைத் தோண்டி எடுத்து மறுபடி எண்ணினார். ஐடாவின் பயண அட்டை மட்டும் நான்கு வருடத்தில் ஐந்நூற்று எண்பத்தேழு முறை பைக் கிரீக்கில் ஏறியிருந்தது. அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு எங்கள் நிர்வாகி ஷெனவியெவ் லாரோக்கிடம் போனார். தான் செய்த தவறை முதல் வாக்கியத்திலேயே சொன்னார். நிர்வாகி அம்மாள் கெட்டவர் இல்லை. அவர் கேட்ட கேள்வியும் நியாயமானதுதான்.

"ஓரெஸ்ட், நவம்பர்ல ஒருத்தரும் இல்லைன்னு சொன்னதும் உங்க பலகைதான். இப்ப ஐநூத்தி எம்பத்தேழுன்னு சொல்றதும் உங்க பலகைதான். இயக்குநர்கள் முன்னாடி நான் எதை நம்பச் சொல்றது?"

"என்னையும் நம்ப வேணாம், பலகையையும் நம்ப வேணாம். ஏறினவங்களைக் கேளுங்க."

முடிவு இரண்டு மாதம் தள்ளிக்கொண்டே போனது. இந்தத் தொலைபேசிப் பழக்கம் அவரைப் பிடித்துக்கொண்டது அந்த இரண்டு மாதத்தில்தான். ஒரு வரியில் ஒரு மனுஷி காணாமல் போனால், மற்ற வரிகளில் யார் யார் காணாமல் போயிருக்கிறார்கள் என்ற பயம் அவருக்கு. கடைசியில் ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை நிர்வாகியே கிளம்பினார். எங்கள் வண்டியிலேயே மூவரும் தாம்ப்சன் போனோம். நான் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டவன் வராமல் இருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

ஐடா ஃப்ளெட்டுக்கு எழுபத்தொன்று. சின்ன உடம்பு. இடது கையில் ஊசி குத்திக் குத்தித் தடித்த நரம்பு கயிறாகத் தெரிந்தது. ஜன்னலோரம் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு தேநீர்க் கெட்டில், அவ்வளவுதான் அறை. ஓரெஸ்ட் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன நடந்தது என்பதை ஒளிக்காமல் சொன்னார். மன்னிப்பும் கேட்டார்.

"அப்ப நாலு வருஷமா நான் ஏறினதெல்லாம் எங்க போச்சு?"

"குவாரி ரோட்டுக் கணக்குல போச்சுங்கம்மா."

"நான் குவாரி ரோட்டுல இறங்கினதுகூட இல்லையே தம்பி" என்றார் ஐடா. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பிறகு தாள்களை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு தேதியாக விரல் வைத்துப் படித்தார். நாங்கள் நின்றோம். நிர்வாகி கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அது வரைக்கும் அவருக்குப் புண்ணியம். ஏழாவது பக்கத்தில் விரல் நின்றது.

"இந்தப் பிப்ரவரி புதன்கிழமை நான் ஏறலை."

ஷெனவியெவ் லாரோக் திரும்பி ஓரெஸ்டைப் பார்த்தார். "இதுவும் தப்பா?"

அம்மா, சும்மா இருங்கள், உங்கள் பஸ் போய்விடும் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. ஓரெஸ்ட் குனிந்து, "அன்னைக்கு என்னம்மா நடந்தது?" என்று மட்டும் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரை அடக்கம் பண்ணின நாளு. மண்ணு கல்லா இறுகிக் கெடந்துச்சு. மூணு நாள் நெருப்புப் போட்டு இளக்கித்தான் குழி வெட்டினாங்க. நான் அந்த நெருப்புக்கிட்டயே நின்னேன், ஆஸ்பத்திரிக்குப் போகலை. பெட்டிக்கு ஆணி பத்தலைன்னு என் தங்கச்சி மவன்தான் என் அட்டையை எடுத்துக்கிட்டு பஸ்ஸுல போனான்."

"அப்ப ஒருத்தர் ஏறினது நெஜந்தானே?" என்றார் நிர்வாகி மெதுவாக. "எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு."

"அவன் ஏறினான், நான் ஏறலை. நான் இல்லாத எடத்துல என் பேரு எதுக்கு? அடிச்சிருங்க."

ஷெனவியெவ் லாரோக் ஜன்னல் பக்கம் போய், வெளியே பார்த்தபடி நின்றுவிட்டுத் திரும்பினார். அவர் கண் சிவந்திருந்தது.

"ஏறாத ஒரு நாளை இவ்வளவு ஞாபகமா சொல்றவங்க, ஏறின நாளைப் பொய்யாச் சொல்ல மாட்டாங்க. இயக்குநர்கள்கிட்ட நான் பேசிக்கிறேன். வர்ற திங்கக்கிழமைலேர்ந்து வண்டி பைக் கிரீக்ல நிக்கும்." என் பக்கம் திரும்பி, "கெல்வினுக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க" என்றார்.

ஐடா தாளின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு சற்று நேரம் கண்ணை மூடியிருந்தார். வந்த காரியம் முடிந்தது. நிர்வாகி மேலங்கியை மாட்டிக்கொண்டார், நான் கதவைத் திறந்தேன். ஐடா கண்ணைத் திறந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விரலை மறுபடி ஏழாவது பக்கத்துக்குக் கொண்டுபோனார். இன்னும் பதினோரு பக்கம் இருந்தது.

ஓரெஸ்ட் மட்டும் நகரவில்லை. தொப்பியைக் கட்டில் மேல் வைத்தார். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஐடாவின் கையில் கொடுத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.