வெயில் படாத பிள்ளை

செஞ்சியில் வெயிலுக்குக் குறை என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். கோட்டை மலைப் பாறைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகும் ஊருக்குள் தள்ளிக்கொண்டிருக்கும். நான் பிழைப்பதே அந்த வெயிலை நம்பித்தான். அரிசி மில்லில் நெல் காயவைக்கும் களம் என் பொறுப்பு. அவித்த நெல்லைப் பரப்பி, காலால் கிளறி, ஒரு மணியைக் கடித்துப் பார்த்து, இன்னும் எவ்வளவு நேரம் காயவேண்டும் என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனுக்குப் பிறந்த பெண் குழந்தை பதினோரு மாதம் வெயிலையே பார்க்காமல் இருந்தது. தானாக அப்படி இருக்கவில்லை. நானும் என் அக்காவும் அப்படி வைத்திருந்தோம்.

அக்கா என்னைவிட ஆறு வயது பெரியவள். கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருக்கிறாள். அவளைப் பெண் பார்க்க அவலூர்பேட்டையிலிருந்தும் அனந்தபுரத்திலிருந்தும் வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்று, காபியைக் குடித்துவிட்டு, “பொண்ணு கொஞ்சம் நெறம் கம்மி” என்று சொல்லி பஸ் ஏறினார்கள். அதைச் சொன்னவர்களில் ஒருத்தன் அடுப்புக்கரிக்கு அண்ணன் மாதிரி இருந்தான். அவர்கள் தின்ற தட்டுகளை எடுத்துப் போட்டவன் நான். அதில் ஒன்றை அவன் மூஞ்சியில் எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. அக்கா இன்றைக்கும் முந்தானையை முக்காடு போடாமல் வாசலைத் தாண்ட மாட்டாள் என்றால் அது அந்த நாய்கள் செய்த வேலை.

என் மகள் பிறந்ததும் அக்காவும் நானும் பேசிவைத்துக்கொண்டதுபோல ஒரே முடிவுக்கு வந்தோம். இவளை வெயிலில் காட்டக் கூடாது. ஜன்னலுக்குக் கெட்டித் துணி போட்டோம். தடுப்பூசிக்குப் போனால் குடை, குடைக்குக் கீழே துண்டு. “கொஞ்ச நேரம் வாசல்ல தூக்கினு நிக்கிறேனே” என்று என் மனைவி கேட்டால் இரண்டு பேரும் அவள் மேல் பாய்வோம்.

வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்சம்மா ஒரு சொட்டு மருந்து கொடுத்தார். வைட்டமின் டி. “வெயில்ல கெடைக்கிற சத்துதாங்க இது. ஒரு வயசு வரைக்கும் தினம் ஊத்துங்க” என்றார். பெட்டியில் மஞ்சளாக ஒரு சூரியன் படம். அவர் போனதும் அக்கா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“வெயிலே வாணாம்னு பொத்திப் பொத்தி வெச்சினு இருக்கோம். அத வாயில ஊத்தச் சொல்லுதே இந்தம்மா. புள்ள உள்ளருந்தே கறுத்துடும்டா.”

பி.காம். படித்த நான் தலையாட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. மருந்து பிரிக்காமலே பீரோ மேல் போனது. அடுத்த முறை நர்சம்மா கேட்டபோது, “தினம் ஊத்துறோம்மா” என்று கூசாமல் சொன்னேன்.

மார்கழியில் குழந்தைக்குச் சளி பிடித்தது. மூன்றாம் நாள் காலை பால் குடிக்கவில்லை. மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. செஞ்சி ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, ஆம்புலன்ஸில் விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். நிமோனியா என்றார்கள். தொண்டைக்குள் குழாய் விட்டு மெஷினோடு இணைத்தார்கள். என் மகளுக்காக மெஷின் மூச்சு விட்டது.

மறுநாள் டாக்டரம்மா என்னையும் என் மனைவியையும் கூப்பிட்டு, “கொழந்தைய வெயில்ல காட்டுவீங்களா?” என்று கேட்டார். வெயிலில் காட்டியதால்தான் இப்படி ஆனது என்று சந்தேகப்படுகிறார் போலும் என நினைத்து நெஞ்சை நிமிர்த்தினேன்.

“ஒரு நாள்கூட வெயில் பட விட்டதில்ல மேடம். அவ்ளோ பத்திரமா வெச்சிருக்கோம்.”

அவர் மேசையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் காட்டினார். அதே மஞ்சள் சூரியன். “ரத்தத்துல இந்தச் சத்து ரொம்பக் கம்மியா இருக்கு. மூக்குக் குழாய் வழியா இன்னைக்குக் குடுக்கறோம்.”

“அப்போ இத முன்னாடியே ஊத்தியிருந்தா இப்டி ஆயிருக்காதா?” கத்திவிட்டேன்.

“அப்படிச் சொல்ல முடியாது. ஊத்தற கொழந்தைக்கும் நிமோனியா வரும். இத குடுக்கறதால மூச்சு சீக்கிரம் திரும்பிடும்னும் நான் வாக்குக் குடுக்க மாட்டேன். ஆனா நெஞ்செலும்பு இளசா இருக்கு. மூச்சு இழுக்க அதுவும் கஷ்டம். குறைய நிரப்பித்தான் ஆகணும்.”

உன்னால்தான் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உன்னால் இல்லை என்று சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். இரண்டும் இல்லாமல் விட்டதில் எனக்கு வெறியே வந்தது. வெளியே வந்ததும் என் மனைவி ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். “நெல்லு காயலன்னா மட்டும் கரெக்டா தெரியுது உங்களுக்கு.”

நான் வீட்டிலிருந்த அக்காவுக்கு போன் போட்டுக் கத்தினேன். எல்லாம் உன்னால்தான், உன் நிறப் பைத்தியத்தால்தான், என் பிள்ளை செத்தால் நீ அந்த வீட்டிலேயே இருக்காதே என்றெல்லாம் சொன்னேன். அவள் முழுதும் கேட்டாள்.

“என்னப் பாக்க வந்தவங்ககிட்ட ஒரு நாளாவது இப்டி கத்தியிருக்கியாடா?” என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டாள்.

ஐந்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். மருந்தில் எது காப்பாற்றியது என்று எனக்குத் தெரியாது. குழந்தை கம்மிய குரலில் அழுதது, நானும் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்கு வந்த பிறகு டாக்டரம்மா எழுதிக் கொடுத்த அளவை, ஒரு சொட்டு கூடாமல் குறையாமல், தினமும் அக்காதான் ஊற்றினாள். என்னிடம் அவள் பேசவில்லை.

தை பிறந்து ஒரு காலையில், நான் களத்தில் நெல் கிளறிக்கொண்டிருந்தபோது அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஓரமாகக் கோணியை விரித்து உட்கார வைத்து, சட்டையைக் கழற்றினாள். நெல் ஏற்ற வந்திருந்த வியாபாரி பார்த்துவிட்டார்.

“இன்னாமே இது, பொட்டப் புள்ளைய வெயில்ல போட்டுக்கினு? கறுத்துட்டா எவன் கட்டுவான்?”

பதினைந்து வருடமாகத் தொண்டையில் நின்றதெல்லாம் எனக்கு ஒரேயடியாகக் கிளம்பியது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

“கறுக்கட்டும்யா. மூச்சு வுடுதுல்ல, அது போதும்.”

சொல்லிவிட்டு, தன் தலையில் கிடந்த முக்காட்டை இறக்கிப் போட்டுவிட்டு, குழந்தைக்குப் பக்கத்தில் அவளும் வெயிலில் உட்கார்ந்தாள்.