பத்து இருபதுக்கு வந்த அந்தமான்

வியாழக்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு எங்கள் வீட்டில் மின்சாரம் போனது. மேற்குத் தாம்பரத்தில் மழைநாளில் மின்சாரம் போவது அதிசயமில்லை. ஆனால் வீட்டில் எனக்குப் பொய்க்காரி என்று பெயர் வாங்கிக் கொடுத்த சங்கதி அந்த நிமிடத்தில்தான் தொடங்கியது. அதனால் நேரத்தை மறக்கவில்லை.

இத்தனை வருடம் கழித்து இதை எழுதக் காரணம் என் மகள். போன வாரம் மழையில் பள்ளிக்கரணைப் பக்கம் மாட்டிக்கொண்டவளின் போன் நான்கு மணி நேரம் அணைந்து கிடந்தது. அவள் வீடு வந்து சேர்ந்துவிட்டாள். நான்தான் இன்னும் மணிக்கொரு தரம் அவள் அறையை எட்டிப் பார்க்கிறேன். தூக்கம் வராத நேரத்தில் இந்தப் பழைய வழக்கு நினைவுக்கு வந்தது. நியாயம் என் பக்கம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

எனக்கு அப்போது பதினோரு வயது. மார்கழி மாதம். அப்பா போர்ட் பிளேரில் கட்டட வேலையொன்றில் மேற்பார்வையாளர். 'வியாழக்கிழமை கப்பல் ஏறுகிறேன், ஞாயிறு வந்துவிடுவேன்' என்று எழுதியிருந்தார். புதன்கிழமை, வங்கக்கடலில் புயல் என்று செய்தி வந்தது. அன்று இரவிலிருந்து அம்மா சாப்பிடவில்லை. யாருக்கும் தெரியக்கூடாதென்று தட்டை மட்டும் நனைத்துக் கவிழ்த்து வைத்தாள்.

எங்களோடு மாமாவும் இருந்தார், அம்மாவின் தம்பி. ரயில்வேயில் குமாஸ்தா. வேலை போக மற்ற நேரமெல்லாம் ரேடியோ. தூரத்து நிலையங்களைத் தேடிப் பிடிப்பார். பிடித்த நேரம், முள் நின்ற எண், காதில் விழுந்த விஷயம் எல்லாவற்றையும் நோட்டில் குறித்து, அந்த நிலையத்துக்கே கடிதம் போடுவார். 'ஆம், நீங்கள் கேட்டது எங்களைத்தான்' என்று அவர்கள் ஓர் அட்டை அனுப்புவார்கள். அட்டை வந்தால்தான் கேட்டது கேட்டதாகும். அவருடைய சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு: மீடியம் வேவில் தூரத்து நிலையம் இருட்டிய பிறகுதான் வரும்.

அன்று மழைக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை. மாமா வேலைக்குப் போனதும், நான் தொடவே கூடாத அவருடைய பேட்டரி டிரான்சிஸ்டரை எடுத்துத் திருகிக்கொண்டிருந்தேன். வழக்கமாக மின்சார ரயில் போகும்போதெல்லாம் அது உறுமும். எங்கள் காம்பவுண்டின் நான்கு குடித்தனத்து மோட்டாரும் மிக்ஸியும் அதற்குள் வந்து இரையும். மின்சாரம் போனதும் அத்தனையும் அடங்கியது. முள் ஏழுக்குச் சற்று முன்னால் நின்றிருந்தது. மெல்லிய குரல் ஒன்று, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல. முதலில் இந்தி. பிறகு ஆங்கிலம். போர்ட் பிளேர் என்றது. அப்பா எழுதியிருந்த அதே கப்பலின் பெயரைச் சொன்னது. 'கேன்சல்டு' என்றது. அப்புறம் தேய்ந்து போய்விட்டது.

அடுப்படிக்கு ஓடினேன். "அம்மா, கப்பல் கெளம்பலையாம். அந்தமான் ரேடியோல சொன்னாங்க."

அம்மா என்னையே பார்த்தாள். திரும்பிச் சோற்றைக் கிளறினாள்.

சாயங்காலம் மாமா வந்ததும் விசாரணை தொடங்கியது.

"எந்த ஸ்டேஷன்?"

"அந்தமான்."

"பகல்லயா? எனக்கு ராத்திரியிலேயே ரெண்டு வாட்டிதான் மாட்டியிருக்கு. உனக்கு வெயில் நேரத்துல வந்துச்சா?"

"வெயில் எங்க மாமா அடிச்சுது? மழைதானே."

இதற்கு ஓர் அறை விழுந்தது. "உங்க அம்மா உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அவகிட்ட போய்க் கதை விடுற. பொய்தான்னு சொல்லு."

"கேட்டேன்."

இன்னொன்று விழுந்தது. "கேட்டேன்" என்றேன் மறுபடியும். அம்மா அங்கேதான் துணி மடித்துக்கொண்டிருந்தாள். விடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு மாமாவைவிட அவள்மேல்தான் கோபம். அன்று இரவு அவள் பிசைந்து வைத்த சோற்றைத் தொடாமல் படுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாமா துறைமுகத்துக்குப் போய்விட்டுத் தகவல் இல்லாமல் திரும்பினார். சனிக்கிழமை மறுபடியும் போனார். அன்று அங்கே காகிதம் ஒட்டியிருந்தார்களாம். கப்பல் போர்ட் பிளேரை விட்டுக் கிளம்பவே இல்லை. அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நான் மாமாவின் எதிரில் போய் நின்றேன்.

"கப்பல் நின்னது நிஜம்" என்றார். "நீ கேட்டது பொய். குருட்டாம்போக்குல அடிச்ச, பலிச்சிடுச்சு."

அப்பா பத்திரமாக இருக்கிறார் என்ற சந்தோஷத்தைக்கூட முழுதாக அனுபவிக்க முடியாமல் செய்தது அந்த வாக்கியம். நிரூபித்துக் காட்டுவது என்று முடிவெடுத்தேன்.

மறுநாள் ஞாயிறு. மாமா வீட்டில் இருந்தார். பத்தே காலுக்கு முக்காலி போட்டு ஏறி, நான்கு வீட்டுக்கும் பொதுவான மெயினை அணைத்து, பியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பாவாடையில் முடிந்துகொண்டேன். டிரான்சிஸ்டரை மாமாவின் மடியில் வைத்தேன்.

"இப்ப கேளுங்க."

அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா கையெல்லாம் மாவோடு வந்துவிட்டாள். "யாருப்பா மெயின புடுங்கனது? கிரைண்டர்ல மாவு பாதில நிக்குது. இன்னா வெளாட்டு இது?"

"அஞ்சே நிமிஷம்க்கா. அந்தமான் வரும்."

"அந்தமான் வரட்டும், போவட்டும். எம் மாவு புளிச்சிகினு கீது."

முள்ளை ஏழுக்கு முன்னால் நிறுத்தினோம். வெறும் இரைச்சல். முன்னே தள்ளினோம், பின்னே தள்ளினோம். பத்து இருபது, பத்தரை. வானம் வெளுத்து வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் மாமா டிரான்சிஸ்டரை அணைத்துவிட்டுச் சிரித்தார். "அந்தமான்லேர்ந்து உனக்கு அட்டை வரும், பத்திரமா வச்சுக்கோ." அக்காவும் சிரித்தாள். கட்டையைக் கொடுத்தேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். பகலில் இந்த அலைகளை விழுங்கும் அடுக்கு ஒன்று வானத்தில் இருக்கிறது. மார்கழியில் சூரியன் சாய்ந்து போகும்போது அது கொஞ்சம் பலவீனப்படும். கடல் நீரும் அலையை வெகுதூரம் கொண்டுபோகும். சில நாள் வரும், சில நாள் வராது. படித்திராவிட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். நான் கேட்டேன்.

அந்த ஞாயிறு கழித்துப் பத்தாம் நாள், புதன்கிழமை, அப்பா வந்து சேர்ந்தார். தாடியும் கறுத்த முகமுமாக வந்தவரிடமிருந்து மாமா பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். அப்பா கால் கழுவிவிட்டு உட்காரட்டும், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நான் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு நின்றேன். அவர் உட்கார்ந்ததும் அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"கப்பல் ஏறுறதுக்கு மொத நாள் உன் லெட்டர் கெடச்சுது. 'கப்பல் நின்னது தெரிஞ்சுது, கடல் அடங்கினப்புறம் வாங்க, அவசரமில்ல'ன்னு எழுதியிருந்தியே. மேல வியாழக்கிழமைத் தேதி போட்டிருந்த. எங்களுக்கே அன்னிக்குக் காலைலதான் சொன்னாங்க. உனக்கு யார் சொன்னது?"

நான் மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எப்படிச் சுருங்குகிறது என்பதை ஒரு கோடு விடாமல் பார்த்தேன். அம்மாவின் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.