ஏழு வீட்டு அழைப்புமாலை

தொலைபேசி நிலையத்தில் காதிற் கருவியும் கையிற் செருகுகம்பியுமாக அமர்ந்து, ஊரார் பேச்சையெல்லாம் இணைத்து இணைத்தே நரைத்தவர் அவர். ஓய்வுபெற்ற பின் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் தனியே வாழ்ந்தார். அங்குள்ளோர்க்கு அவர் 'எக்ஸ்சேஞ்ச் அக்கா'.

இரண்டாம் மாடித் தையற்காரர் ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து, மாலைவரை எவரும் அறியாமற் கிடந்தார். ஆண்டவன் அருளால் பிழைத்தார். அதைக் கேட்ட அன்றே அக்கா ஓர் அழைப்புமாலை தொடுத்தார். அக்கட்டடத்தில் தனித்து வாழும் முதியோர் அக்காவையும் சேர்த்து எழுவர். காலையில் அக்கா தையற்காரரை அழைப்பார்; அவர் "விடிஞ்சாச்சு, இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைப்பார். இப்படியே பூவும் நாரும்போல் தொடர்ந்து சென்று, ஆறாம் மாடிச் சம்பந்தி அக்காவை அழைத்ததும் மாலைக்கு முடிச்சு விழும். முழங்காலுக்கு அஞ்சி வீட்டைவிட்டு அகலாதவர்கள் ஆதலால், பகலிலும் ஒருவரையொருவர் அழைத்துப் பேசிக் குரலால் உறவான அவர்களுட் பலர் முகத்தால் அயலாராகவே இருந்தனர்.

சம்பந்தி என்றது அக்கா மகளின் மாமனாரை. பேண்டு வாத்தியத்தில் டிரம்பெட் ஊதியவர். அண்மையில் நெஞ்சுவலி கண்டு மீண்டவர்.

ஒருநாள் முடிச்சு விழவில்லை. அக்கா அழைத்துப் பார்த்தார். எண் பேச்சிலிருப்பதாக ஒலித்தது.

"காலங்காத்தால யாரோட இந்த அரட்டை?"

மீண்டும் அழைத்தார், மீண்டும் அதே ஒலி. ரிசீவர் கைநழுவித் தொங்கினாலும் அவ்வொலிதான் வரும் என்பதை அவரைவிட அறிந்தார் யார்? லிஃப்டோ மேலேறிக்கொண்டிருந்தது. செருப்பை மறந்து, திறந்த கதவை மறந்து, முழங்கால் என்றொன்று உண்டென்பதையே மறந்து படியேறினார்.

சம்பந்தியின் கதவு பூட்டிக் கிடந்தது. தட்டிய தட்டில், மாலையில் சம்பந்தியை அழைக்கும் எதிர்வீட்டு நர்சம்மா ஓடிவந்தார்.

"இப்பத்தானேக்கா எங்கிட்ட 'இருக்கேன்'னு சொன்னார்!"

"அப்ப இருந்தார். இப்ப இருக்காரா?"

இருந்தார், ஆனால் தரைத்தளத்தில் இருந்தார். நர்சம்மாவுடன் பேசியபின் ரிசீவரைக் கோணலாக வைத்து, மறுபடி எடுத்தபோது ஓசை வராமையால் போன் செத்ததென்று முடிவுகட்டி, செய்தியை நேரிற் சொல்ல லிஃப்டில் இறங்கியிருந்தார். அங்கே கதவு திறந்து கிடந்தது, டீ ஆவி பறந்தது, செருப்பு இருந்தது, அக்கா இல்லை.

"ஐயையோ, சம்பந்தியம்மாவைக் காணோம்!"

டிரம்பெட் ஊதிய நெஞ்சல்லவா? கட்டடமே அதிர்ந்தது. தையற்காரர் முதலானோர் அவரோடு சேர்ந்து அக்காவைத் தேடி மேலேற, அக்காவும் நர்சம்மாவும் சம்பந்தியைத் தேடிக் கீழிறங்க, இரு படைகளும் மூன்றாம் மாடிப் படித்திருப்பத்தில் முட்டிக்கொண்டன.

"சம்பந்தி! இருக்கீங்களா?"

"இருக்கேம்மா! போன்தான் செத்துப்போச்சு."

"நீங்கன்னுல்ல நெனச்சேன்!"

"அழுதீங்களா?"

"எங்க நேரம்? உங்க மருமககிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒத்திகை பார்த்துக்கிட்டே ஏறினேன்!" என்ற அக்காவின் கண்கள் மட்டும் வேறு சொல்லின.

தையற்காரர் நர்சம்மாவை ஏறஇறங்கப் பார்த்தார். "குரலைக் கேட்டு ஆறடி இருப்பீங்கன்னு நெனச்சேனே!"

"உங்க குரலுக்கு மீசை இருக்கும்னு நானும் நம்பினேன்."

சிரிப்பு படிதோறும் உருண்டது. நர்சம்மா ஒவ்வொருவர் நாடியாகப் பிடித்தார். "எல்லாருக்கும் ரயில் ஓடுது. பேசாம உட்காருங்க!"

உட்கார்ந்தார்கள், பேசாமல் மட்டும் இருக்கவில்லை.

சற்று நேரத்தில் மேலும் கீழும் திறந்து கிடந்த வீடுகளிலிருந்து தொலைபேசிகள் ஒலித்தன. கடல் கடந்த பிள்ளைகள் நலம் கேட்கும் வேளை அது. ஒருவர் எழ முயன்றார். அக்கா அவர் தோளை அழுத்தி அமர்த்தி, நிலையத்தில் பேசிய அந்தப் பழைய குரலைத் தேடி எடுத்தார்:

"தயவுசெய்து காத்திருக்கவும். எல்லா இணைப்புகளும் பேச்சில் உள்ளன."