டோக்கன் இருந்தால் உட்காரலாம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, நவம்பர் மாத அடைமழையில், விருத்தாசலம் பாலக்கரைப் பக்கம் இருக்கும் ஒரு வங்கியில் இது நடந்தது. அப்போது எனக்கு எழுபத்து மூன்று வயது. நான் உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிப்பதற்காக அங்கே போயிருந்தேன். பென்ஷன் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை இதைச் செய்தாக வேண்டும். ஒரு சின்னக் கருவியில் விரலை வைத்தால் அது நம்மை அடையாளம் கண்டுகொள்ளும். என்னைக் கண்டுகொள்ளவில்லை.

முப்பத்தொரு வருடம் இங்குள்ள ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தவன் நான். சூளையிலிருந்து வரும் டீ கப்புகளை எண்ணி, ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பார்ப்பேன். சத்தம் மந்தமாக வந்தால் விரிசல் என்று ஒதுக்கி வைப்பேன். வேலை போன பிறகும் எண்ணும் பழக்கம் போகவில்லை. அந்த வங்கியில் பன்னிரண்டு நாற்காலிகள், அதில் இரண்டுக்கு முதுகு கிடையாது. மின்விசிறி ஐந்து, ஓடுவது மூன்று.

முதல் நாள் என் விரலை நான்கு முறை வைத்துப் பார்த்தார்கள். "கை ஈரமா இருக்குது சார், நாளைக்கு வாங்க" என்றார் கவுண்டரில் இருந்த பெண், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். மறுநாள் ஐந்து முறை. அப்போது "சர்வர் இல்ல சார்" என்றார். அதற்கு மறுநாள் போனபோது விடுமுறைக்கு மறுநாள் போலக் கூட்டம். மூன்று நாளும் என் பக்கத்து நாற்காலியில் ஒரே பெரியவர் உட்கார்ந்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது கூடுதல் இருக்கும். தேய்த்த வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு துணிப்பை, கையில் டோக்கன் சீட்டு.

அவருடைய எண்ணை ஒலிபெருக்கியில் மூன்று முறை கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

"உங்க நம்பர்தானே கூப்புடுறாங்க, போங்க" என்றேன்.

"போவட்டும் சார், அவசரமில்ல" என்று சிரித்தார்.

சற்று நேரம் கழித்து எழுந்து போய் இயந்திரத்தில் இன்னொரு சீட்டு எடுத்து வந்தார். அதையும் கூப்பிட விட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. வராத ஆளுக்காக மூன்று முறை கூப்பிட்டுக் காத்திருக்க இரண்டு நிமிடம் ஆகிறது. காலையில் மூன்று சீட்டு எடுக்கிறார். ஆக மொத்தம் ஆறு நிமிடம். எல்லோருடைய நேரத்திலிருந்தும் ஆறு நிமிடம்.

நான்காவது நாள் என் விரல் ஆறு முறையும் தோற்றது. "வூட்ல கைக்கு எண்ணெ தடவிக்கினு நாளைக்கு வாங்க சார்" என்றார் அந்தப் பெண். பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் அந்தப் பெரியவர்மேல் காட்டினேன்.

"என்னை நாலு நாளா அலைய வுடுறீங்க. அதோ அவரு ஒரு வேலையும் இல்லாம தெனம் மூணு டோக்கன் எடுக்கறாரு. நான் எண்ணிப் பாத்துட்டுதான் சொல்றேன். அவரைக் கேளுங்களேன்."

காவலாளி அவரிடம் போனார். "ஐயா, பாஸ்புக்கு காட்டுங்க."

"இல்லீங்க தம்பி."

"கணக்கு எந்த ஊரு பிராஞ்சுல இருக்குது?"

"கணக்கே இல்லீங்க."

இந்த முறை எல்லோருமே சிரித்தார்கள். "மழை பேயுது, பெருசு ஒதுங்க வந்திருக்குது" என்றான் ஒருவன். "வூட்ல மருமவ டிவி போடலபோல" என்றான் இன்னொருவன். பெரியவரும் கூடவே கொஞ்சம் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. பிறகு கையிலிருந்த சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

நானும் வெளியே வந்தேன். மழை விடாததால் வாசல் தகரத்துக்குக் கீழே இரண்டு பேரும் நிற்கவேண்டியதாயிற்று. அவர் என்மேல் கோபப்படவே இல்லை. நான் கேட்காமலேயே சொன்னார். ஸ்ரீமுஷ்ணம் பக்கம் ஒரு கிராமம். மனைவி போன பிறகு மகன் இங்கே அழைத்து வந்துவிட்டான். மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போகிறவர்கள்.

"ஒரு நாளு கேஸ் அடுப்ப அணைக்க மறந்துட்டேன் சார். அதுலேருந்து என்னை வெளிய வுட்டுட்டு வூட்ட பூட்டிக்கினு போயிடறாங்க. அவங்களயும் குத்தம் சொல்ல முடியாது. சாயங்காலம் ஆறு வரைக்கும் எங்கயாச்சும் இருக்கணுமில்ல."

"கோயிலு?"

"பன்னெண்டு மணிக்கு நடை சாத்திடுவாங்க. பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பஸ்ஸு போனதும், எந்த ஊருக்குப் போவணும் பெருசுன்னு கேப்பாங்க. ஜங்ஷன்ல டிக்கெட் கேப்பாங்க. இங்க மட்டுந்தான் சார், கையில டோக்கன் இருந்தா ஏன் உக்காந்திருக்கன்னு யாரும் கேக்கறதில்ல."

என் சட்டைப்பையில் என் மகள் வீட்டுச் சாவி இருந்தது. பகலில் அங்கே யாரும் இல்லை. கூடத்தில் நாற்காலிகள் நான்கு. வாங்க என்று சொல்ல வாய் வரை வந்தது. மகள் வந்து இவர் யார் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். அதற்குள் மழை சற்று விட்டது. "பார்த்துப் போங்க" என்று மட்டும் சொன்னேன்.

"சரிங்க சார். நாளைக்காச்சும் ஒங்க வெரலு ரேக வுழட்டும்" என்று சொல்லிவிட்டு, துணிப்பையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு தேங்கிய தண்ணீரில் நடந்தார்.

மறுநாள் என் விரல் ரேகை முதல் முறையிலேயே விழுந்தது. நான் உயிரோடு இருப்பது உறுதியாகிவிட்டது. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. டோக்கன் இயந்திரத்தின் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள்: பாஸ்புக் காட்டினால் மட்டுமே டோக்கன்.

அதன்பிறகு கோயில், பஸ் ஸ்டாண்ட், ஜங்ஷன் என்று பதினோரு முறை தேடிப் போனேன். கிடைக்கவில்லை. பெயரைக்கூடக் கேட்டு வைக்காததால் யாரிடமும் விசாரிக்கவும் வழியில்லை. என் வயதுக்காரர்கள் ஓரமாக நிற்பதைத்தான் எல்லா இடத்திலும் பார்த்தேன். அதற்குமுன் அவர்களை நான் எண்ணியதே இல்லை.

இந்த நவம்பரிலும் வங்கிக்குப் போய் வந்தேன். வரிசை முன்னைவிட வேகமாக நகர்கிறது. எனக்கு ஆறு நிமிடம் மிச்சம். அந்த ஆறு நிமிடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.